குறுங்கையிருப்பு (போக்கர்)

குறுங்கையிருப்பு என்பது போக்கர் போட்டிகளில் ஓர் ஆட்டக்காரரிடம் எஞ்சியிருக்கும் சில்லுகள், அந்நேரத்தில் நடப்பிலுள்ள கட்டாயப் பந்தயங்களோடு ஒப்பிடும்போது மிகக் குறைவாக இருக்கும் நிலையாகும். இந்நிலையில் உள்ளவருக்கு வலுவான சீட்டுகள் கிடைக்கும்போது அவற்றை எவ்வாறு ஆடவேண்டும் என்பது போக்கர் உத்திகளில் அதிகம் ஆராயப்பட்ட வினாக்களுள் ஒன்று. முதற்பார்வைக்கு இதில் சிக்கல் எதுவும் இல்லை. நல்ல சீட்டு வந்தால் இருப்பதையெல்லாம் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், ஒரு சீட்டின் வலிமை அச்சீட்டில் மட்டும் இல்லை. கையில் எத்தனை சில்லுகள் உள்ளன, எதிரே இருப்பவர் ஒதுங்குவாரா, அடுத்த பரிசுப் படி எவ்வளவு தொலைவில் உள்ளது ஆகியவற்றைப் பொறுத்து ஒரே ஜோடி ஓரிடத்தில் ஐயமின்றி ஆடத்தக்கதாகவும், மற்றோரிடத்தில் கைவிடத்தக்கதாகவும் ஆகிறது.

இக்கட்டுரை டெக்சாஸ் ஹோல்டெம் எனும் போக்கர் வகையில், பந்தயத்திற்கு உச்சவரம்பு இல்லாத ஆட்டத்தைப் பற்றியது.

ஆட்டத்தின் அடிப்படை

ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கைச்சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் ஐந்து பொதுச்சீட்டுகள் மேசையின் நடுவே திறக்கப்படும். முதலில் மூன்று (இது பிளாப் எனப்படும்), அடுத்து ஒன்று, இறுதியாக ஒன்று. இந்த ஏழு சீட்டுகளிலிருந்து மிகச் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். சீட்டு ஒருமுறை பகிரப்பட்டு வெற்றி தோல்வி முடிவாகும் வரையிலான ஆட்டம் ஒரு 'கை' எனப்படும்.

ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகச் சில்லுகளை வைக்கவேண்டும். இவை சிறு பிளைண்ட், பெரும் பிளைண்ட் எனப்படுகின்றன. முச்சீட்டு ஆட்டத்தில் 'பிளைண்ட்' என்பது சீட்டைப் பார்க்காமலேயே தொடர்ந்து ஆடுவதைக் குறிக்கும். போக்கரில் அச்சொல் இந்தக் கட்டாயத் தொகையை மட்டுமே குறிக்கிறது. பல போட்டிகளில் இவற்றுடன் முன்வைப்பு எனும் சிறு தொகையும் உண்டு. முன்பு இதை மேசையிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்தனர். 2010களின் இறுதியிலிருந்து பெரும் பிளைண்ட் வைப்பவரே அனைவருக்குமாகச் சேர்த்து வைக்கும் முறை பரவலாகியுள்ளது.

ஆட்டக்காரர் தம் முறை வரும்போது ஒதுங்கலாம் (ரம்மியில் 'டிராப்' செய்வதைப் போன்றது), முன்னவர் வைத்ததற்கு ஈடுகட்டலாம், அல்லது தொகையை உயர்த்தலாம். தம்மிடமுள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் வைப்பது ஆல்-இன் அல்லது முழுவைப்பு எனப்படும். வைக்கப்பட்ட சில்லுகள் சேர்ந்து நடுத்தொகை ஆகின்றன.

பணமேசை ஆட்டத்தில் சில்லுகள் பணத்திற்கு நேர் ஈடானவை. தீர்ந்தால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். போட்டியில் அவ்வாறில்லை. நுழைவுக் கட்டணம் செலுத்தி அனைவரும் சம அளவு சில்லுகளுடன் தொடங்குவர். மறுநுழைவுக்கு இடமில்லாத கட்டத்தில் சில்லுகள் தீர்ந்தவர் வெளியேறவேண்டும். பிளைண்டுகள் குறித்த கால இடைவெளியில் உயர்ந்துகொண்டே செல்லும். எனவே ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருப்பவரும் சிறிது சிறிதாகக் குறுங்கையிருப்பு நிலைக்கு வந்து சேர்கிறார். போட்டியின் பிற்பகுதியில் மேசையில் உள்ளோரில் பெரும்பாலோர் இந்நிலையிலோ இதற்கு அருகிலோ இருப்பது வழக்கம்.

கையிருப்பை அளத்தல்

கையிருப்பை அளக்க எளிய வழி, அதைப் பெரும் பிளைண்டால் வகுப்பதாகும். பெரும் பிளைண்ட் 1,000 ஆக இருக்கும்போது 12,000 சில்லுகள் உடையவரிடம் 12 பெரும் பிளைண்டுகள் உள்ளன. பொதுவாக 20 பெரும் பிளைண்டுக்குக் கீழ் வரும்போது குறுங்கையிருப்பு என்பர். 10க்குக் கீழ் வந்தால் அதில் இருவேறு கருத்தில்லை.

இரண்டாவது அளவு, எம் விகிதம் எனப்படும். கையிருப்பைச் சிறு பிளைண்ட், பெரும் பிளைண்ட், முன்வைப்புகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். எதையும் ஆடாமல் எத்தனை சுற்றுகள் தாக்குப்பிடிக்கலாம் என்பதை இது காட்டுகிறது. கணிதப் பேராசிரியரும் பேக்கமன் ஆட்டத்தின் உலக வாகையருமான பால் மேக்ரியலின் பெயரின் முதலெழுத்தே இதற்குப் பெயராயிற்று. இதைப் பரவலாக்கியவர் 1995 ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற டான் ஹாரிங்டன். அவர் பில் ரோபர்ட்டியுடன் எழுதிய 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்' நூலின் இரண்டாம் தொகுதி (2005), இவ்விகிதத்தைச் சாலை விளக்கு போல வண்ணங்களாகப் பிரித்தது. 20க்கு மேல் பச்சை, 10 முதல் 20 வரை மஞ்சள், 6 முதல் 10 வரை ஆரஞ்சு, 1 முதல் 6 வரை சிவப்பு. ஒன்றுக்கும் கீழே சென்றால் அது இறந்த மண்டலம். சிவப்பு மண்டலத்தில் உள்ளவருக்கு முழுவைப்பைத் தவிர வேறு பந்தய அளவே கிடையாது என்பது நூலின் முடிவு. மேசையில் ஆட்கள் குறைந்தால் பிளைண்டு அடிக்கடி வரும் என்பதால், ஐவர் மட்டுமே உள்ள மேசையில் எம் விகிதத்தைப் பாதியாகக் கொள்ளவேண்டும் என்றும் ஹாரிங்டன் திருத்தம் கூறினார்.

மோதும் இருவரில் எவரிடம் குறைவாக உள்ளதோ அந்த அளவே இருவருக்கும் பொருந்தும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளவேண்டும். 80 பெரும் பிளைண்டுகள் வைத்திருப்பவரும் 9 மட்டுமே உள்ளவரை எதிர்க்கும்போது 9 பெரும் பிளைண்டு ஆட்டத்தையே ஆடுகிறார்.

காத்திருப்பின் விலை

புதிதாக ஆடுவோர் குறுங்கையிருப்பில் செய்யும் வழக்கமான பிழை, பெரிய சீட்டு வரும்வரை காத்திருப்பது. 52 சீட்டுகளிலிருந்து இரண்டைப் பெறும் வழிகள் 1,326. ஏஸ் ஜோடி இவற்றில் 6 வழிகளில் மட்டுமே அமையும். அதாவது 221 கைகளுக்கு ஒருமுறை. ஏஸ், ராஜா, ராணி, ஜாக் ஆகியவற்றின் ஜோடிகளையும், ஏஸ்-ராஜா சேர்க்கையையும் ஒன்றாக எண்ணினாலும் மொத்தம் 40 வழிகளே. சுமார் 33 கைகளுக்கு ஒருமுறை.

ஒன்பது பேர் கொண்ட மேசையில் பிளைண்டுகள் 500, 1,000 என்றும், முன்வைப்பு மொத்தம் 1,000 என்றும் கொள்வோம். ஒரு சுற்று முழுவதும் ஒதுங்கியே இருப்பவர் 2,500 சில்லுகளை இழப்பார். அந்த ஒன்பது கைகளில் மேற்சொன்ன சீட்டுகளில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 24 விழுக்காடு. இரண்டு சுற்றுகள் காத்திருந்தாலும் 42 விழுக்காடுதான். அதற்குள் 12,000 வைத்திருந்தவரிடம் 7,000 மட்டுமே மீந்திருக்கும். இடையில் பிளைண்ட் உயர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. முழுவைப்பில் வெல்பவர் தம்மிடம் உள்ளதை மட்டுமே இரட்டிக்க முடியும். 12,000 இருந்தபோது வந்த ஏஸ் ஜோடி அதை 24,000க்கு மேல் ஆக்கும். அதே ஜோடி 7,000 இருக்கும்போது வந்தால் 14,000 அளவே கிடைக்கும். காத்திருந்து இழந்த 5,000, வென்ற பின் பார்த்தால் 10,000 சில்லுகளின் இழப்பாகிறது.

ஆகவே 'வலுவான சீட்டு' என்ற சொல்லே கையிருப்போடு சேர்ந்து பொருள் மாறுகிறது. 100 பெரும் பிளைண்டுகள் உள்ளபோது ஏஸ்-பத்து நடுத்தரமான சீட்டு. பலவேளைகளில் தொல்லை தரும் சீட்டும் கூட. 8 பெரும் பிளைண்டுகள் உள்ளபோது, முன்னால் இருப்பவர்கள் அனைவரும் ஒதுங்கிவிட்டால், அது முழுவைப்புக்குத் தயக்கமின்றி உகந்தது.

ஒதுங்கச் செய்யும் வலிமை

முழுவைப்பு இரு வழிகளில் வெல்லக்கூடியது. எதிரிகள் அனைவரும் ஒதுங்கினால் நடுத்தொகை உடனே கிடைக்கிறது. யாரேனும் ஈடுகட்டினால் சீட்டுகள் திறக்கப்பட்டு வெல்ல வாய்ப்புள்ளது. ஈடுகட்டுபவருக்கு இரண்டாவது வழி ஒன்றே உண்டு. இதனால்தான் ஒருவரின் பந்தயத்தை எதிர்கொள்ளத் தேவையான சீட்டு, அதே இடத்தில் முதலில் பந்தயம் வைக்கத் தேவையான சீட்டைவிட வலுவானதாக இருக்கவேண்டும். டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதனை 'இடைவெளிக் கோட்பாடு' என்று விளக்கினார்.

முன்கூறிய பிளைண்டுகளே நடப்பில் இருக்க, 10,000 சில்லுகளுடன் ஒருவர் ஏஸ்-ராஜாவை முழுவைப்பாக வைக்கிறார் என்க. எல்லாரும் ஒதுங்கினால் அவரிடம் 12,500 ஆகும். சீட்டைக் காட்டாமலேயே கால்பங்கு வளர்ச்சி. பெரும் பிளைண்டில் உள்ளவர் ஒரு ஜோடியுடன் ஈடுகட்டுகிறார் என்றால் நடுத்தொகை 21,500. ஏஸ்-ராஜாவுக்கு 45 விழுக்காடு வாய்ப்பு என்று கொண்டால் அதன் சராசரி மதிப்பு 9,675. பத்தில் ஆறுமுறை எதிரிகள் ஒதுங்குவார்கள் எனில் மொத்தச் சராசரி 11,370. பின்தங்கிய நிலையில் மட்டுமே ஈடுகட்டப்படுவதாகக் கணக்கிட்டும் ஆட்டக்காரருக்கு இலாபமே மிஞ்சுகிறது.

ஆனால் இந்த வலிமை கையிருப்பு சுருங்கச் சுருங்கக் கரைந்துவிடும். அதே பிளைண்டுகளில் ஒருவர் வெறும் 5,000 சில்லுகளை முழுவைப்பாக வைத்து மற்றவர்கள் ஒதுங்கினால், பெரும் பிளைண்டில் உள்ளவர் 4,000 கூட்டினால் போதும். அப்போது நடுத்தொகை 11,500. அவருக்கு வெல்லும் வாய்ப்பு 35 விழுக்காடு இருந்தாலே ஈடுகட்டுவது சரியாகிவிடும். ஹோல்டெமில் மிகத் தாழ்ந்த சீட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படும் வெவ்வேறு இன ஏழு-இரண்டுக்கே, எதிரியின் சீட்டு எதுவாகவும் இருக்கலாம் என்ற நிலையில், ஏறத்தாழ அந்த வாய்ப்பு உண்டு. மாறாக, முழுவைப்பு 15,000 எனில் ஈடுகட்டுபவர் 14,000 கூட்டவேண்டும். தேவையான வாய்ப்பு 44 விழுக்காட்டைத் தாண்டிவிடும். எதிரியை ஒதுங்கச் செய்யும் ஆற்றல் இன்னும் மீதமிருக்கும்போதே ஆடிவிடவேண்டும் என்று கையேடுகள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

வலுவான சீட்டை மறைத்து ஆடுதல்

கையில் ஏஸ் ஜோடி இருக்கும்போது எதிரிகள் ஒதுங்கிவிடுவதை யாரும் விரும்புவதில்லை. எனவே, சில்லுகள் மிகக் குறைவாக உள்ளபோதும் சிலர் வெறுமனே ஈடுகட்டியோ, சிறிதளவு மட்டும் உயர்த்தியோ மற்றவர்களை உள்ளே இழுக்க முயல்வர். இது எப்போது பொருந்தும் என்பது சீட்டைப் பொறுத்தது. இங்குதான் பெரிய ஜோடிகளுக்குள்ளும் வேறுபாடு தெரிகிறது.

கையில் ராஜா ஜோடி இருந்தால், பிளாப்பில் ஏஸ் தோன்றும் வாய்ப்பு 23 விழுக்காடு. ராணி ஜோடிக்கு அதைவிடப் பெரிய சீட்டு ஏதேனும் ஒன்று தோன்றும் வாய்ப்பு 41 விழுக்காடு, ஜாக் ஜோடிக்கு 57, பத்து ஜோடிக்கு 69. பத்து ஜோடியை மறைத்து ஆடி இரண்டு பேரை உள்ளே விட்டவர், பிளாப்பைப் பார்த்தபின் தாம் முன்னிலையில் உள்ளோமா என்றே அறியமுடியாத நிலைக்குப் பெரும்பாலும் தள்ளப்படுவார். அவருக்கு மீதமுள்ள சில்லுகளோ ஒரே பந்தயத்திற்குத்தான் போதும். ஏஸ்-ராஜாவின் நிலையும் இதைப் போன்றதே. பிளாப்பில் அது ஜோடியாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஐந்து பொதுச்சீட்டுகளும் திறக்கப்பட்டால் ஏறத்தாழ பாதி. முழுவைப்பு செய்தவர் அந்த ஐந்தையும் பார்ப்பது உறுதி. மறைத்து ஆடியவர் மூன்றைப் பார்த்ததும் விரட்டப்படலாம்.

ஆகவே 10 முதல் 20 பெரும் பிளைண்டுகள் வரை உள்ளபோது ஏஸ், ராஜா ஜோடிகளைக் குறைந்த அளவு உயர்த்தி, எதிரியின் மறு உயர்த்தலுக்குக் காத்திருப்பதும், நடுத்தர ஜோடிகளையும் ஏஸ்-ராஜாவையும் நேரடியாக முழுவைப்பதும் பலரும் கைக்கொள்ளும் முறை. இதில் ஒரு பொறி உள்ளது. எப்போதும் முழுவைப்பு செய்துவந்த ஒருவர் திடீரென்று இரண்டு பெரும் பிளைண்டுகளுக்கு மட்டும் உயர்த்தினால், கவனமுள்ள எதிரிக்கு அதன் பொருள் விளங்கிவிடும். மறைப்பதற்காகச் செய்த செயலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சில நலிந்த சீட்டுகளையும் அவ்வாறே சிறிதளவு உயர்த்தி, மறு உயர்த்தல் வந்தால் ஒதுங்குபவருக்கே இம்முறை பயன் தரும். 10 பெரும் பிளைண்டுகளுக்குக் கீழே அத்தகைய விலையைக் கொடுக்க இயலாது என்பதால், ஏஸ் ஜோடியையும் மற்றச் சீட்டுகளைப் போலவே முழுவைப்பதே எளியதும் பெரும்பாலும் சிறந்ததுமாகும்.

15 முதல் 25 வரை உள்ளபோது மற்றொரு வழி வலுவானது. வேறொருவர் முதலில் உயர்த்தியபின் அதன்மேல் முழுவைப்பு செய்வது. பிளைண்டுகளோடு அவர் வைத்ததும் சேர்ந்துகொள்வதால், அவர் ஒதுங்கினாலும் கிடைக்கும் தொகை கணிசமானது.

பெரும் பிளைண்டில் அமர்ந்திருக்கும்போது எதிரி உயர்த்த, கையில் ஆறு அல்லது ஏழு பெரும் பிளைண்டுகள் மட்டுமே உள்ளவர் கையாளும் தந்திரம் ஒன்றும் குறிப்பிடத்தக்கது. உடனே முழுவைத்தால் எதிரி ஈடுகட்டுவது உறுதி. எனவே முதலில் ஈடு மட்டும் கட்டி, பிளாப் எதுவாயினும் முந்திக்கொண்டு முழுவைப்பு செய்வர். ஜோடி இல்லாத இரு சீட்டுகளுக்கு மூன்றில் இருமுறை பிளாப் பொருந்தாது என்பதால், எதிரி ஒதுங்க ஒரு வாய்ப்பு உருவாகிறது. நடுத்தர ஜோடிகளுக்கு இது ஏற்றது. ஏஸ் ஜோடிக்குத் தேவையில்லை.

எத்தனை பேர் எதிர்ப்பது நல்லது

முன்னறியாத சீட்டுகளைக் கொண்ட ஒரே எதிரிக்கு எதிராக, இறுதிவரை ஆடப்பட்டால், ஏஸ் ஜோடியின் வெல்லும் வாய்ப்பு 85 விழுக்காடு. ராஜா ஜோடிக்கு 82, ராணி ஜோடிக்கு 80, வெவ்வேறு இன ஏஸ்-ராஜாவுக்கு 65. எதிரிகள் இருவரானால் ஏஸ் ஜோடியின் வாய்ப்பு 73 ஆகவும், நால்வரானால் 56 ஆகவும், ஒன்பது பேரானால் 31 ஆகவும் குறைகிறது.

இவ்வெண்களைக் கொண்டு, ஏஸ் ஜோடிக்கு ஒரே எதிரிதான் நல்லது என்று சொல்லப்படுவதுண்டு. சில்லுக் கணக்கில் அது சரியன்று. சமமான கையிருப்புடைய ஒருவர் மட்டும் எதிர்த்தால் சராசரியாக மீள்வது வைத்ததைப்போல் 1.7 மடங்கு. நால்வர் எதிர்த்தால் 2.8 மடங்கு. சில்லுகள் நேரடியாகப் பணமாகும் மேசையில் நால்வரை வரவேற்பதே இலாபம். போட்டியில் மட்டும், 44 விழுக்காடு வெளியேறும் ஆபத்து அந்த இலாபத்திற்கு எதிராக நிற்கிறது.

குறுங்கையிருப்பு உடையவருக்கு இங்கு ஒரு சலுகையும் உண்டு. அவரிடம் சில்லு இல்லை என்பதற்காக அவரை ஆட்டத்திலிருந்து விலக்கமுடியாது. அவர் ஈடுகொடுத்த அளவு முதன்மை நடுத்தொகையாகவும், மற்றவர்கள் மேற்கொண்டு வைப்பது பக்க நடுத்தொகையாகவும் பிரிக்கப்படும். பக்கத்தொகைக்காக மற்ற இருவர் மோதி ஒருவர் ஒதுங்கிவிட்டால், அவர் கையில் இருந்திருக்கக்கூடிய வெற்றிச்சீட்டும் அவரோடு போய்விடும். எந்த முடிவும் எடுக்காமல் அமர்ந்திருந்த குறுங்கையிருப்பாளருக்கு அதனால் ஒரு போட்டியாளர் குறைவார்.

பரிசுப் படிகளின் தாக்கம்

லாஸ் வேகாசில் நடைபெறும் உலகப் போக்கர் தொடர் 1970இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் முதன்மைப் போட்டியின் முழுப்பரிசும் பொதுவாக வென்றவர் ஒருவருக்கே சென்றது. அத்தகைய அமைப்பில் கணக்கு எளிது. மொத்தச் சில்லுகளில் பத்தில் ஒன்று வைத்திருப்பவருக்குப் பரிசில் பத்தில் ஒரு பங்கு எதிர்பார்ப்பு உண்டு. 1978 முதல் பரிசு முதல் ஐந்து இடங்களுக்குப் பகிரப்பட்டது. இன்றைய போட்டிகளில் பொதுவாகப் பங்கேற்போரில் 10 முதல் 15 விழுக்காட்டினர் பரிசு பெறுகின்றனர். இரண்டாம் இடத்திற்கும் மூன்றாம் இடத்திற்கும் பரிசு உண்டு என்றவுடன், சில்லுக்கும் பணத்திற்கும் இடையிலிருந்த நேர்விகிதம் உடைந்துவிடுகிறது.

இதனைக் கணக்கிடப் பயன்படும் முறை தற்சார்புச் சில்லு மாதிரி ஆகும். குதிரைப் பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கான வாய்ப்பைக் கணிக்க டேவிட் ஹார்வில் 1973இல் வெளியிட்ட சூத்திரமே இதன் அடிப்படை. மேசன் மால்முத் 1987இல் அதே எண்ணத்தைப் போக்கருக்குப் பயன்படுத்தினார். ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு அவரது சில்லுப் பங்குக்குச் சமம் எனக் கொண்டு, அவரை நீக்கியபின் எஞ்சியோரிடையே இரண்டாம் இடத்தை அதேபோலக் கணக்கிடுவது இம்முறை.

மூவர் எஞ்சியுள்ளனர். பரிசு நிதி 100 எனவும், அது 50, 30, 20 எனப் பிரிக்கப்படுவதாகவும் கொள்வோம். முதல்வரிடம் 5,000 சில்லுகளும், இரண்டாமவரிடம் 3,000 சில்லுகளும், மூன்றாமவரிடம் 2,000 சில்லுகளும் உள்ளன. மூன்றாமவரின் கையில் ஐந்தில் ஒரு பங்கு சில்லுகளே உள்ளன. ஆனால் மேற்கண்ட முறைப்படி அவரது நிலையின் மதிப்பு 28.86. இதில் 20 ஏற்கெனவே உறுதியானது.

இப்போது அவர் முதல்வருடன் முழுவைப்பில் மோதி வென்று 4,000 சில்லுகள் பெறுகிறார் எனில், அவரது மதிப்பு 35.43 ஆகிறது. சில்லு இரட்டித்தது, மதிப்போ 6.57 மட்டுமே கூடியது. தோற்றால் 20 பெற்று வெளியேறுவார். இழப்பு 8.86. ஆகவே, பிளைண்டுகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அவருக்கு 57.4 விழுக்காடு வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் இம்மோதல் நட்டமில்லாதது. சமவாய்ப்பு அவருக்குப் போதாது.

ராணி ஜோடி, வெவ்வேறு இன ஏஸ்-ராஜாவுக்கு எதிராக வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 57 விழுக்காடு. பணமேசையில் மகிழ்ச்சியோடு ஏற்கத்தக்க இம்மோதல், இங்கு இலாபமும் நட்டமும் அற்ற விளிம்பில் நிற்கிறது. எதிரியிடம் இருப்பது ஏஸ்-ராஜாதான் என்று எப்படியோ தெரிந்துவிட்டாலும் நிலைமை இதுவே. எதிரி அதைவிட நலிந்த சீட்டுகளோடும் முழுவைப்பு செய்யக்கூடியவர் என்றால் ராணி ஜோடியின் வாய்ப்பு உயர்ந்து, ஈடுகட்டுவது சரியாகிறது. ஏஸ் ஜோடி இருந்தால் ஐயமே இல்லை.

பரிசு பெறும் எல்லைக்கு ஓரிருவர் மட்டுமே மிகையாக உள்ள கட்டம் 'குமிழி' எனப்படும். அங்கு இத்தாக்கம் மிகக் கடுமையானது. பெரிய கையிருப்புடையோர் இதை அறிந்து, நடுத்தர இருப்புடையோர்மீது ஓயாமல் பந்தயம் வைப்பர். ஆனால் மிகக் குறுகிய இருப்புடையவர்மீது இந்த அழுத்தம் அவ்வளவாகச் செல்லாது. இழக்க அவரிடம் அதிகமில்லை.

இதன் எல்லை நிலையைத் தகுதிப் போட்டிகளில் காணலாம். பெரிய போட்டிக்கான நுழைவிடமே இவற்றில் பரிசு. 2003இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேரில் முதல்வராகி 25 இலட்சம் டாலர் வென்ற கிறிஸ் மணிமேக்கர், 100 டாலருக்கும் குறைவான கட்டணமுடைய இணையத் தகுதிப் போட்டியின் வழியே 10,000 டாலர் மதிப்புள்ள இடத்தைப் பெற்றவர். பத்துப் பேர் எஞ்சியிருக்க, ஒன்பது பேருக்கு ஒரே மாதிரியான இடம் கிடைக்கும் என்றால், கூடுதல் சில்லுகளுக்கு எப்பயனும் இல்லை. வேறொருவர் அடுத்த பிளைண்டோடு வெளியேறப் போவது ஏறத்தாழ உறுதி எனில், எதிரியின் முழுவைப்பைக் கண்டு ஏஸ் ஜோடியுடன் ஒதுங்குவதே சரியான ஆட்டம். 85 விழுக்காடு வாய்ப்பு என்பது, ஒதுங்கினால் கிட்டும் 95 விழுக்காட்டைவிடக் குறைவு. ஹோல்டெமின் மிக வலுவான தொடக்கச் சீட்டு கைவிடத்தக்கதாகும் ஒரே சூழல் இது என்று கூறலாம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

குறுங்கையிருப்பு பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறுவது 1982 ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடர். அதன் முதன்மைப் போட்டியில் 104 பேர் பங்கேற்றனர். ஜாக் ஸ்ட்ராஸ் தம் சில்லுகள் அனைத்தையும் இழந்துவிட்டதாக எண்ணி எழுந்தபோது, 500 மதிப்புள்ள ஒரு சில்லு மட்டும் மேசையில் மறைந்திருந்ததைக் கண்டதாகக் கூறப்படுகிறது. முழுவைப்பு என்று அவர் வாய்திறந்து சொல்லியிருக்கவில்லை. அதனால் ஆட்டத்தைத் தொடர அனுமதிக்கப்பட்டார். அங்கிருந்து மீண்டெழுந்து போட்டியை வென்ற அவர் 5,20,000 டாலர் பரிசு பெற்றார். 'ஒரு சில்லும் ஒரு நாற்காலியும்' இருந்தால் போதும் என்ற தொடர் இந்நிகழ்வோடு இணைத்தே பேசப்படுகிறது. இத்தொடரை உத்தியாகக் கொள்வது தவறு. அரிதாக நிகழ்ந்ததனாலேயே அது நினைவில் நிற்கிறது.

மறுபக்கம், மிக வலுவான சீட்டும் காப்பதில்லை என்பதற்கு 2014 ஆம் ஆண்டு லாஸ் வேகாசில் நடந்த, 10 இலட்சம் டாலர் நுழைவுக் கட்டணமுடைய போட்டி சான்று. அதில் கானர் டிரினன், கேரி காட்ஸ் ஆகிய இருவரும் ஏஸ் ஜோடிகளுடன் முழுவைப்பில் மோதினர். இத்தகைய மோதல் 95 விழுக்காட்டுக்கும் மேல் சமனில் முடியும். ஒவ்வொருவரும் தனித்து வெல்லும் வாய்ப்பு 2.2 விழுக்காடு மட்டுமே. அன்று நான்கு பொதுச்சீட்டுகள் ஒரே இனமாக அமைய, காட்ஸ் வென்றார், டிரினன் வெளியேறினார். இதில் டிரினன் வேறுவிதமாக ஆடியிருக்க வழியே இல்லை.

கணித ஆய்வுகளும் அவற்றின் வரம்புகளும்

போக்கருக்கும் கணிதத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது. ஜான் வான் நியூமனும் ஆஸ்கார் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்குத் தனி இடம் உண்டு. ஜான் நாஷின் 1950 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் மூவர் ஆடும் எளிய போக்கர் ஒன்று எடுத்துக்காட்டாக ஆராயப்பட்டது. குறுங்கையிருப்பு நிலையில் தெரிவுகள் இரண்டாகச் சுருங்கிவிடுவதால் (முழுவைத்தல் அல்லது ஒதுங்குதல்), போக்கரின் இப்பகுதியைக் கணினியால் முற்றாகத் தீர்க்க முடிந்தது. பில் சென், ஜெராட் ஆங்கன்மேன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட 'போக்கரின் கணிதம்' என்ற நூலில், இருவர் மட்டும் ஆடும் நிலைக்கான நாஷ் சமநிலை அட்டவணைகள் உள்ளன. 10 பெரும் பிளைண்டுகள் உள்ளபோது சிறு பிளைண்டில் இருப்பவர் தமக்கு வரும் சீட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை முழுவைக்கவேண்டும் என்பது பலருக்கு வியப்பளித்த முடிவு.

இவ்வட்டவணைகள் எதிரியும் பிழையின்றி ஆடுவார் என்று கொண்டு அமைந்தவை. எதையும் ஈடுகட்டும் எதிரியிடம் நலிந்த சீட்டுகளை முழுவைப்பது வீண். எளிதில் அஞ்சி ஒதுங்குபவரிடம் அட்டவணை சொல்வதைவிடக் கூடுதலாகவே வைக்கலாம்.

தற்சார்புச் சில்லு மாதிரியும் குறையற்றது அன்று. அது ஆட்டக்காரர்களின் திறமை வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. அடுத்த கையில் பெரும் பிளைண்ட் யாரிடம் வரப்போகிறது என்பதையும் அது அறியாது. மேற்கண்ட மூவர் எடுத்துக்காட்டில் பெரும் பிளைண்ட் 1,000 ஆக இருந்து, அது அடுத்து மூன்றாமவருக்கே வரவிருந்தால், ஒதுங்கியபின் அவருக்கு எஞ்சுவதன் உண்மை மதிப்பு 28.86க்குக் கீழேதான் இருக்கும். அப்போது 57.4 என்ற எல்லையும் இறங்கும், விளிம்பில் நின்ற ராணி ஜோடியும் ஆடத்தக்கதாகிவிடும்.